அட்டவணை நிரப்புகிறார்கள், டாக்டருக்குப் போன் எடுக்க முடியவில்லை: பெரியவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: நான் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவள். பாரிசின் வடக்குப் புறநகரில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் ஒக்டோபரிலிருந்து பெரியவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள், மாலை 7 முதல் 9 வரை. தொடங்கும்போது 14 பேர் இருந்தார்கள், வயது 28 முதல் 58 வரை. இப்போது ஆறேழு பேர்தான் வருகிறார்கள். பாடப்புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து வரிசையாக நடத்துகிறேன். வினைச்சொல் அட்டவணையைப் பிழையில்லாமல் நிரப்புகிறவர்கள், டாக்டரிடம் நேரம் கேட்கவேண்டி வந்தால் கைபேசியைப் பிள்ளையிடம் நீட்டிவிடுகிறார்கள். எல்லாப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்கிறார்கள்; எவ்வளவு திருத்தினாலும் மாறவில்லை. வகுப்பில் நான் தமிழ் கதைக்கலாமா? ஜனவரியிலிருந்து எல்லாரும் ஏ2, பி1 என்ற பிரெஞ்சு மொழி மட்டங்களுக்கான சோதனை பற்றியே கேட்கிறார்கள். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பதில்:

வணக்கம். ஆள் குறைந்ததும் வாய் திறக்காததும் இரண்டு பிரச்சினைகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். உங்கள் புத்தகம் தன் வரிசையில் போகிறது. வருகிறவர்களின் வாழ்க்கை வேறு வரிசையில் போகிறது. ஒன்பது மணிநேரம் சமையலறையில் நின்றுவிட்டு வருகிற மனிதர், ‘எனக்கு இன்றைக்கு என்ன கிடைத்தது’ என்று தன்னையே கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். மூன்று கிழமை தொடர்ந்து விடை கிடைக்காவிட்டால் நான்காம் கிழமை வரமாட்டார். ஒவ்வொரு வகுப்பும், அந்தக் கிழமையே அவர் செய்யவேண்டிய ஒரு காரியத்தைப் பிரெஞ்சில் முடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். புத்தகத்தை எறியத் தேவையில்லை. ஒலிப்பதிவுக்கும் பயிற்சிக்கும் அது உதவும். ஆனால் பாட வரிசையை இனி நீங்கள் தீர்மானியுங்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். உணவகத்தில் வேலை செய்கிற பலருக்கு நடுவில் ‘கூப்யூர்’ உண்டு: மதிய வேலை முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தால், மாலை ஆறு, ஆறரைக்குத் திரும்பப் போகவேண்டும். இரவு ஏழு மணி வகுப்பு இவர்களுக்குச் சேவை தொடங்கும் நேரம். விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டு ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். ‘எந்த நாள், எந்த நேரம் சரிவரும்’ என்று கேளுங்கள். இரண்டில் ஒரு வகுப்பைப் பிற்பகல் மூன்றரைக்கோ, பல உணவகங்கள் மூடியிருக்கும் திங்கட்கிழமைக்கோ மாற்ற முடிந்தால், போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள்.

அடுத்து, 14 பேரையும் ஒரே மட்டம் என்று எண்ணாதீர்கள். பிரான்சில் பெரியவர்களுக்கான கல்வியில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தன் மொழியில் பள்ளி முடித்துப் பிரெஞ்சை வேற்றுமொழியாகக் கற்பவர் ஒரு வகை. எந்த மொழியிலும் பள்ளி போகாதவர், எழுத்தறிவிலிருந்து தொடங்கவேண்டியவர் இரண்டாம் வகை. பிரெஞ்சிலேயே பள்ளி போயும் எழுத்து கைவராதவர் மூன்றாம் வகை. உங்கள் குழுவில் உயர்தரம் முடித்தவரும் இருப்பார். போரால் ஐந்தாம் வகுப்போடு நின்றவரும் இருப்பார். பின்னவர் தமிழ் நாளிதழைச் சரளமாக வாசிப்பார், ஆனால் இலத்தீன் எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவித்தான் வாசிப்பார். இவரை எழுத்தறிவு வகுப்புக்கு அனுப்புவதும் பிழை, மற்றவர்களோடு அட்டவணை நிரப்ப விடுவதும் பிழை.

ஆளுக்குக் கால் மணிநேரம் தனியாக இருந்து பாருங்கள். பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் உள்ள ஒரு சிறு படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஒரு மருந்துச் சீட்டை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ‘கடைசியாக எப்போது பிரெஞ்சு தேவைப்பட்டும் கதைக்க முடியாமல் போனது’ என்று தமிழில் கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 14 பேரிடம் கேட்டால் உங்கள் கையில் ஆறு மாதத்துக்கான பாடத்திட்டம் இருக்கும்: பள்ளியிலிருந்து வரும் அழைப்பு, சம்பளச் சீட்டில் குறைந்த மணிநேரம், வீட்டில் தண்ணீர் ஒழுகுவதை வீட்டுக்காரருக்குச் சொல்வது, வதிவிட அட்டை கொடுக்கும் அரச அலுவலகமான பிரெபெக்தூரில் நேரம் எடுப்பது. இவற்றை நான்கு வகுப்பு கொண்ட தொகுதிகளாக அடுக்குங்கள். ஒவ்வொரு வகுப்பும் தனியாகவும் நிற்கவேண்டும். முந்தின வகுப்பைத் தவறவிட்டவர் ‘எனக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரியவர்கள் வகுப்பில் வருகை ஒழுங்கில்லாமல்தான் இருக்கும், பாடம் அதைத் தாங்கும்படி கட்டப்படவேண்டும்.

இனி இரண்டு மணிநேரத்தை எப்படிச் செலவழிப்பது. டாக்டரிடம் எடுத்த நேரத்தை மாற்றுவதையே உதாரணமாக எடுப்போம்.

முதல் பத்து நிமிடம் சூடேற்றல். ஆளுக்கொரு வாக்கியம், அந்தக் கிழமை நடந்தது எதுவானாலும். பிந்தி வருகிறவர் இடையில் புகுந்துகொள்ள இந்தப் பத்து நிமிடம் இடம் தரும். அடுத்த இருபது நிமிடம் கேட்டல் மட்டும். மேசையில் தாள் இருக்கக் கூடாது, பேனாவும் வேண்டாம். ஒரு நிமிட உரையாடலை மூன்று தரம் போடுங்கள்: முதல் தரம் யார் யாரோடு கதைக்கிறார்கள், இரண்டாம் தரம் என்ன வேண்டுமாம், மூன்றாம் தரம் எந்த நாள், எத்தனை மணி. எழுத்தை முதலில் காட்டினால் கண் காதை மூடிவிடும். ‘வூ’ என்றும் ‘அவே’ என்றும் தனித்தனியாக எழுத்தில் படித்தவருக்கு, இரண்டும் சேர்ந்து ‘வூசவே’ (உங்களிடம் உண்டு) என்று வரும்போது எங்கிருந்து அந்த ‘ச’ வந்தது என்று விளங்காது. முதலில் காதால் ‘வூசவே’ கேட்டவருக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை.

பிறகு கால் மணிநேரம் திருப்பிச் சொல்லல். இங்கே ஒரு நுட்பம்: நீளமான வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் ‘ரான்தேவூ’. அடுத்து ‘மோன் ரான்தேவூ’. அடுத்து ‘தெப்லாசே மோன் ரான்தேவூ’. கடைசியில் ‘ஜ வூத்ரே தெப்லாசே மோன் ரான்தேவூ’ (நான் எடுத்த நேரத்தை மாற்ற விரும்புகிறேன்). முன்னாலிருந்து கட்டினால் வாக்கியம் வளர வளரக் கடைசிச் சொற்கள் தேய்ந்து விழும். பிரெஞ்சில் அழுத்தம் விழுவதே கடைசி அசையில்தான், அதனால் பின்னாலிருந்து கட்டும்போது இராகம் தானாகச் சரியாகும். இதற்குப் பிறகுதான் எழுத்து. தாளைக் கொடுத்து, ஒலிக்காத எழுத்துகளைப் பென்சிலால் வெட்டவும், சேர்ந்து ஒலிக்கும் இடங்களை வளைகோட்டால் இணைக்கவும் சொல்லுங்கள். தமிழில் உச்சரிப்பு எழுதும் கைக்கு இது மாற்று வேலை.

தேநீர் பத்து நிமிடம். அதைக் குறைக்காதீர்கள், ஆள் நிலைப்பதே அங்கேதான்.

அடுத்த அரை மணிதான் வகுப்பின் உயிர். இரண்டிரண்டு பேர் முதுகோடு முதுகு உட்கார்ந்து தொலைபேசியில் கதைக்கவேண்டும். முகம் தெரியக் கூடாது, ஏனென்றால் போனில் முகம் தெரியாது. ஒருவர் கையில் டாக்டரின் நாட்குறிப்பு, சில இடங்கள் நிரம்பியிருக்கும். மற்றவர் கையில் தன் வேலை நேரம். இருவருக்கும் பொருந்தும் ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாவிட்டால்தான் உண்மையாகக் கேட்பார்கள். மூன்று தரம் துணையை மாற்றுங்கள். மூன்றாம் தரம் தடை போடுங்கள்: செயலாளர் வேகமாகக் கதைக்கட்டும், ‘அன்றைக்கு நிரம்பிவிட்டது’ என்று சொல்லட்டும். கணக்கையும் பாருங்கள். 14 பேரை நீங்கள் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டால் ஒரு மணிநேரத்தில் ஆளுக்கு நான்கு நிமிடம் வரும். அதில் பாதி உங்கள் குரல். இருவர் இருவராக விட்டால் அரை மணியில் ஆளுக்குக் கால் மணி கிடைக்கும். வாய் திறக்காத வகுப்புக்கு இதைவிட நேரான மருந்து இல்லை.

கணவன் மனைவியைச் சேர்த்து விடாதீர்கள், மாமனாரையும் மருமகனையும் சேர்க்கவே வேண்டாம். ஒருவர் முன்னால் மற்றவர் பிழை விடக் கூசுவார், அல்லது ஒருவருக்காக மற்றவர் கதைத்துவிடுவார். 58 வயதுக்காரரை இளையவர்கள் முன்னால் நிறுத்திப் பிழை திருத்துவதும் அப்படித்தான். அவர்கள் கதைக்கும்போது நடுவில் புகாமல், நடந்துகொண்டே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கைந்து வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்தட்டும். பொருளே மாறிப்போகும் பிழையை மட்டும் உடனே திருத்துங்கள். மீதி நேரம் சிறு எழுத்து வேலைக்கு: மூன்று வரிக் குறுஞ்செய்தி, அல்லது ஒரு படிவம். எழுத்தில் பிந்தியவர்களை நீங்கள் தனி மேசையில் கவனிக்க வேண்டிய நேரம் இது.

முதல் மாதத்திலேயே எல்லாரிடமும் நான்கு வாக்கியம் இருக்கவேண்டும்: ‘விளங்கவில்லை’, ‘இன்னும் மெதுவாகச் சொல்ல முடியுமா’, ‘அதை எப்படி எழுதுவது’, ‘நான் சரியாக விளங்கிக்கொண்டேனா, இத்தனையாம் தேதி இத்தனை மணிக்கா’. போனை வைத்துவிட்டு ஓடாமல் நிற்க இவை கைப்பிடி.

இதோடு எழுத்துக்கூட்டல். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் நம் பெயர்களின் நீளத்துக்குத் தொலைபேசியில் உடைவது இங்கேதான். இலங்கையில் ஆங்கில அரிச்சுவடி படித்தவர் ‘ஈ’ என்று கேட்டால் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தைப் போடுவார். பிரெஞ்சில் ‘ஈ’ ஒன்பதாம் எழுத்து. ஏழாம் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘ஜே’ என்பார், பத்தாம் எழுத்தை ‘ஜீ’ என்பார். ஆங்கிலத்தில் நேர் மறுதலை. ஓர் எழுத்து இரட்டித்தால் ‘இரண்டு’ என்று முன்னால் சேர்ப்பார்கள். நம்மவர் 2 என்ற எண்ணை எழுதிவிடுவார். கோப்பில் ஓர் எழுத்து மாறினால் அதைத் திருத்த எவ்வளவு அலையவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தன் முழுப் பெயரை, ‘மரி என்பதில் வரும் ம்’, ‘நிக்கோலா என்பதில் வரும் ந்’ என்ற முறையில், தடையின்றிச் சொல்லும்வரை பயிற்றுங்கள்.

எண்களும் அப்படியே. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 78 என்பது ‘அறுபது பதினெட்டு’. ‘அறுபது’ காதில் விழுந்ததும் 6 எழுதிவிட்டால் எண் முழுவதும் கெட்டுவிடும். 94 ‘நாலு இருபது பதினாலு’. ஜோடி முழுதாகக் கேட்டு முடியும்வரை பேனா தாளைத் தொடக் கூடாது என்பது விதி. வகுப்புக்கு ஐந்து எண் போதும், ஆனால் எல்லா வகுப்பிலும். (சுவிசில் 70க்கும் 90க்கும் தனிச் சொல் உண்டு. ஜெனிவாவில் உறவினர் உள்ளவர்கள் அதைக் கொண்டுவருவார்கள்; பிழை இல்லை, இங்கே அப்படிச் சொல்வதில்லை என்று சொன்னால் போதும்.)

உச்சரிப்புக்கு வருகிறேன். தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது ஏன் கெடுக்கிறது என்று திட்டினால் கேட்கமாட்டார்கள், காட்டினால் கேட்பார்கள். பலகையில் ‘புவாசோன்’ என்று தமிழில் எழுதி, என்ன பொருள் என்று கேளுங்கள். மீன் என்பார் ஒருவர், பானம் என்பார் இன்னொருவர். நஞ்சுக்கும் அதுதான். மூன்று சொல், மூன்று ஒலி. நம் எழுத்தில் ஒன்று. ‘காதோ’ என்று எழுதுங்கள்: கேக்கும் அதுதான், பரிசும் அதுதான். உணவகத்தில் வேலை செய்கிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இந்தப் பதிலில் நான் தமிழ் எழுத்தைப் பயன்படுத்துவது உங்களுக்குப் பிரெஞ்சு காதில் இருப்பதால்தான். கொப்பிக்கு அது ஆகாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்பின் வாக்கியங்களையும் நீங்கள் குரல் செய்தியாகப் பதிந்து வாட்சப் குழுவில் போடுங்கள். தமிழில் எழுதுவதே ஒலியை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். ஒலியே கையில் வந்தால் எழுதும் தேவை குறையும்.

ஒரு வகுப்புக்கு ஓர் ஒலி ஜோடி, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். முதலில் காது. நீங்கள் பத்துத் தரம் மாற்றி மாற்றிச் சொல்ல, அவர்கள் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டட்டும். பத்தில் எட்டுச் சரி வராதவரை வாயால் சொல்ல வைக்காதீர்கள், கேளாத வேறுபாட்டை நாக்கு செய்யாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அதிரும் ஒலியும் அதிராத ஒலியும். நம் மொழியில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, க, த அதிராது, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் மென்மையாகும். இது நாமறியாமல் நடக்கும் பழக்கம், பிரெஞ்சில் அது பொருளை மாற்றும். தொண்டையில் இரண்டு விரலை வைத்து, பாம்பின் சீறலையும் தேனீயின் இரைச்சலையும் நீட்டச் சொல்லுங்கள். அதிர்வு விரலில் தெரியும். நீட்டக்கூடிய ஒலியில் பிடிபட்ட பிறகு, மீனுக்கும் பானத்துக்கும் போங்கள். ஒரு நற்செய்தியும் சொல்லுங்கள்: பிரெஞ்சின் ப், த், க் மூச்சை ஊதாதவை, தமிழைப் போலவே. ஆங்கிலம் பேசுகிறவர் மாதக்கணக்கில் பாடுபடும் இடத்தில் நம்மவர் ஏற்கெனவே நிற்கிறார். ‘த்’ ஒலிக்கு நாக்கு பல்லைத் தொடவேண்டும், நம் ‘த’ தான். அதை ‘ட’ என்று எழுதிவைத்தவர் நாக்கை மேலே வளைப்பார். பாதி உச்சரிப்புக் குறை அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, நாக்கு முன்னால் நிற்க உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலி. ‘ஈ’ என்று மூன்று வினாடி நீட்டச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவிக்கட்டும். வருவதுதான் அந்த ஒலி. ‘ஊ’ வந்துவிட்டால் நாக்கு பின்னால் போய்விட்டது என்று பொருள். ஈயிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். இதில் பிழைத்தால் ‘மேலே’யும் ‘கீழே’யும் ஒன்றாகிவிடும், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்கு அது விளையாட்டு இல்லை. இதேபோல் ‘ஏ’யில் நாக்கை வைத்து ‘ஓ’வின் உதடு. இரண்டு மணியையும் பன்னிரண்டு மணியையும் பிரிப்பது இந்த ஓர் உயிர்தான்: ‘தெசேர்’, ‘தூசேர்’. தவறிய நேரங்கள் பலவற்றுக்கு இது காரணம். ஐயம் வந்தால் ‘பதினான்கு மணி’ என்று சொல்லிக் கேட்கும் வழக்கத்தையும் கற்றுக்கொடுங்கள்.

மூன்றாவது, மூக்குயிர், அதாவது மூக்கால் வரும் உயிரொலி. நம்மவர் கடைசியில் ‘ன்’ சேர்த்து மூடுவார்கள். நாக்கு மேலே தொட்டுவிட்டால் பிரெஞ்சில் அது பல சொற்களில் பெண்பால் ஆகிவிடும்: ‘நல்ல’ என்பதற்கு ஆண்பாலில் ன் ஒலிக்காது, பெண்பாலில் ஒலிக்கும். தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் ‘மரம்’, ‘பணம்’ என்ற சொற்களின் கடைசி ம் முழுதாக மூடாமல் மூக்கில் கரைவதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதைப் போலச் சொல்லச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். தொண்டை ‘ர’ கடைசி. அது வராவிட்டாலும் விளங்கும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

வகுப்பில் தமிழ்? கதையுங்கள், ஆனால் இடமறிந்து. பிரெஞ்சு வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தமிழ் சொன்னால், அவர்கள் தமிழுக்காகவே காத்திருப்பார்கள். முதலில் பிரெஞ்சில் இரண்டு தரம், கையசைவோடு. பிறகும் விளங்காவிட்டால் தமிழில் ஒரு சொல். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் தமிழில் கேள்வி கேட்கும் நேரம் என்று வையுங்கள். இலக்கணத்தை ஒப்பிட்டுக் காட்டும்போது தமிழ் பெரிய சொத்து. நீ, நீங்கள் என்ற பிரிவு உள்ளவர்களுக்கு ‘த்யூ’, ‘வூ’ அரை நிமிடப் பாடம். யாழ்ப்பாணத்து ‘நீர்’ மட்டும் பிரெஞ்சில் இல்லை. சமையலறையில் சக தொழிலாளி முதல் நாளே ‘த்யூ’ என்று கூப்பிடுவார். அது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும், அதே சொல்லை அலுவலகக் கருமபீடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

அட்டவணைக்குப் பதிலாக மூன்று இடங்களில் மட்டும் இலக்கணத்தை அழுத்துங்கள். ஒன்று, ‘எனக்கு ரண்டு பிள்ளையள் இருக்கினம்’ என்பதை அப்படியே மாற்றி ‘முவா இலியா தெசான்ஃபான்’ என்பார்கள். உடைமைக்கு நம்மிடம் தனி வினை இல்லை; பிரெஞ்சில் உண்டு. பிள்ளைகள், வயது, பசி, வலி, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ‘ஜே’ (என்னிடம் உண்டு) என்று தொடங்கும் வாக்கியங்களாகவே பழக்குங்கள். இரண்டு, ‘நாளைக்கு வாறன்’ என்றால் யார் என்று வினையின் வால் சொல்லிவிடும். பிரெஞ்சுப் பேச்சில் அந்த வால் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. எழுத்தில் மூன்று விதமாக முடிந்தாலும் ‘கதை’ என்னும் வினை காதில் ‘பார்ல்’ ஒன்றுதான். ஆகவே ‘ஜ’ (நான்), ‘இல்’ (அவன்), ‘எல்’ (அவள்) விடுபட்டால் பொருளே போய்விடும். அட்டவணையை நன்றாக நிரப்புகிறவர் கதைக்கும்போது திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒலிக்காத வால்களை எழுதப் பழகியிருக்கிறார். மூன்று, ‘ஜ த்ரவாய்’ (வேலை செய்கிறேன்), ‘ஜே த்ரவாயே’ (வேலை செய்தேன்). இரண்டும் கலந்து ‘ஜே த்ரவாய்’ என்று வரும்போது கேட்பவருக்குக் காலம் விளங்காது. இன்று, நேற்று என்று இரண்டு அட்டை வைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எந்த அட்டை என்று தூக்கச் சொல்லுங்கள்.

சோதனைக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லுங்கள், மழுப்பினால் பயம் கூடும். 2024 ஜனவரி 26ஆம் தேதிச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல்லாண்டு வதிவிட அட்டையை முதன்முறை பெற ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மட்டம் உயர்ந்திருக்கிறது. அகதி அந்தஸ்து பெற்றவரின் பத்தாண்டு அட்டைக்கு மொழி நிபந்தனை இல்லை. உங்கள் வகுப்பில் இதை அறியாமல் கவலைப்படுகிறவர் இருக்கக்கூடும். ஒவ்வொருவரின் அட்டை வகையையும் அரசின் பொதுச்சேவை இணையதளத்தில் பார்த்து, அவருக்கு எது தேவை என்று தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள். பி2 கேட்கிறவருக்கு, உங்கள் வகுப்பால் மட்டும் அது ஆகாது என்று இப்போதே சொல்வதுதான் நேர்மை.

மணிக்கணக்கையும் மறைக்காதீர்கள். பள்ளி முடித்த ஒருவர் சுழியத்திலிருந்து ஏ2 அடைய 160 முதல் 200 மணிநேர வகுப்பு என்பது வழக்கமான கணக்கு. கிழமைக்கு நான்கு மணி, ஒக்டோபரிலிருந்து ஜூன் வரை 30 கிழமை என்றால் 120 மணிதான். மீதி வெளியே வரவேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் கிழமைக்கு இரண்டு தரம் அரை நிமிடக் குரல் செய்தி பிரெஞ்சில் போடட்டும். வேலையில் இருப்போருக்கு ‘செபேஎஃப்’ என்னும் தனிப்பயிற்சிக் கணக்கில் ஆண்டுக்கு 500 யூரோ சேரும், கல்வித் தகுதி குறைந்தவருக்கு 800. பிரெஞ்சுச் சான்றிதழுக்கான பயிற்சிக்கு அதைச் செலவழிக்கலாம். பலர் கணக்கைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். அதைச் சொல்லி யாராவது தானாகப் போன் எடுத்தால் தகவல் கொடுக்கவேண்டாம் என்றும் எச்சரியுங்கள். அப்படிப் போன் எடுத்து விற்பதை 2022 டிசம்பர்ச் சட்டம் தடை செய்திருக்கிறது. பாரிஸ் நகரில் வசிக்கிறவர்களுக்கு மாநகராட்சியின் பெரியவர் வகுப்புகளும் உண்டு. பதிவுக் காலம் தவறினால் அடுத்த பருவம்தான்.

எந்தச் சோதனை என்றால், தெல்ஃப், டி.சி.எஃப். என்று இரண்டு பிரெஞ்சு மொழிச் சோதனைகள் உண்டு: தெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, டி.சி.எஃப். முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். அவசரம் இல்லாதவருக்கு தெல்ஃப் நல்லது. தெல்ஃப் ஏ2இல் கேட்டல், வாசித்தல், எழுதுதல், கதைத்தல் நான்குக்கும் 25 புள்ளி. மொத்தம் 100க்கு 50 வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. கதைத்தல் நன்றாக வந்து எழுத்தில் 4 எடுத்தால் முழுவதும் போயிற்று. உங்கள் வகுப்பில் எழுத்தில் பிந்தியவர்களுக்கு ஆபத்து அங்கேதான். எழுத்துக்கு 45 நிமிடம், இரண்டு சிறு ஆக்கம், ஒவ்வொன்றும் 60 சொல் அளவு. 35 சொல்லோடு நின்றுவிடுவதுதான் வழக்கமான குறை. 60 சொல் தன் கையெழுத்தில் எத்தனை வரி வரும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கட்டும்.

வாய்மொழிப் பகுதி ஆறு முதல் எட்டு நிமிடம், அதற்கு முன் பத்து நிமிட ஆயத்தம். முதலில் தன்னைப் பற்றி, பிறகு ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம், பிறகு சோதனையாளரோடு ஓர் உரையாடல். நம்மவர் தன்னறிமுகத்தைத் தேவாரம்போல மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். நடுவில் ‘எத்தனை வருடமாக அந்த வேலை?’ என்று கேட்டதும் நூல் அறுந்துவிடும். வகுப்பில் பயிற்றும்போது வேண்டுமென்றே இடைமறியுங்கள். உரையாடலில் வணக்கம் சொல்லித் தொடங்குவது, ‘வூ’ என்று கதைப்பது, விலை கேட்பது, கொடுத்ததை மறுத்து வேறு கேட்பது ஆகியவற்றைப் பழக்குங்கள். ‘உவி’ (ஆம்) என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவருக்குப் புள்ளி கிடைக்காது.

சோதனைப் பயிற்சிக்கு ஒரு கிழமையில் அரை மணிக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி நேரம் போன், படிவம், கருமபீடம் என்றே போகட்டும். ஏ2 கேட்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். அடுத்த வகுப்புக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள்: புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, இப்போது வருகிற ஏழு பேரிடமும் இந்தக் கிழமை யாருக்குப் போன் எடுக்கவேண்டியிருக்கிறது என்று கேட்டு, அந்த அழைப்புகளில் ஒன்றை வகுப்பில் பழகி, தேநீர் நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருந்தபடி அவரையே உண்மையில் எடுக்க வையுங்கள். அதற்கு அலுவலகம் திறந்திருக்கவேண்டும், பிற்பகல் வகுப்பு வைக்க அது இன்னொரு காரணம்.